520 சதுர அடி வீட்டில் ரோபோ வாக்குவம்: அம்மா குனிவது குறையவில்லை, என்ன செய்யலாம்?

அயனாவரம் மூன்றாம் மாடி
ஜூன் 8, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் ஒரு ரோபோ வாக்குவம் வாங்கினேன். ஆறு வாரம் ஆகிறது. வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் இங்கே எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு 520 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, தெருவைப் பார்த்த சின்ன பால்கனி. நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரையில் உட்காரக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் சொல்லி இரண்டு வருடமாகிறது. அம்மா கேட்பதில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, நான் கண் விழிப்பதற்குள் வீடு முழுக்கப் பெருக்கி முடித்திருப்பார். பிறகு மாலைவரை முழங்காலைத் தடவிக்கொண்டே இருப்பார். அந்தத் துடைப்பத்தை அவர் கையிலிருந்து எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்றுதான் 18,500 ரூபாய் செலவழித்தேன்.

கருவியின் மேல் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் கட்டிலுக்கு அடியில் போய் அது இழுத்து வந்த முடியையும் பஞ்சையும் பார்த்து அம்மாவே அசந்துபோனார். மொசைக் தரையில் வெறுங்காலோடு நடந்தால் வித்தியாசம் தெரிகிறது.

சிக்கல் வேறு இடத்தில். எங்கள் வீட்டுச் சாமான்களில் பாதி தரையில்தான் இருக்கின்றன. தண்ணீர் கேன் இரண்டு, அரிசி டிரம், வெங்காயக் கூடை, அரிவாள்மணை, பழைய பேப்பர் கட்டு, செருப்புகள், போன் சார்ஜர் ஒயர், மிதியடிகள், கோரைப்பாய். ரோபோ கிளம்புவதற்கு முன்னால் அம்மா இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுக்கிறார். முடிந்த பிறகு ஒவ்வொன்றாகக் குனிந்து வைக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு முறை. பெருக்கும்போது ஒரே வளைவில் எட்டு நிமிடம் இருந்தார். இப்போது பதினேழு முறை குனிந்து, பதினேழு முறை நிமிர்கிறார். அவருக்குக் குனியும்போது வலியில்லை, நிமிரும்போதுதான் வலி. எண்ணி முடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னும் மூன்று தொல்லைகள். சார்ஜ் மேடையை வைக்க இடமே கிடைக்கவில்லை, இப்போது பீரோவை ஒட்டி வைத்திருக்கிறேன், பீரோவைத் திறக்கும்போதெல்லாம் காலில் இடிக்கிறது. ரோபோ பீரோவுக்கு அடியில் நுழைந்து மாட்டிக்கொண்டு கத்துகிறது. மூன்றாவது, நான் வேலை முடிந்து வர ஏழரை ஆகிவிடும். அதற்குப் பிறகு ஓட்டலாம் என்றால், விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக் கூடாது என்கிறார் அம்மா. அதில் நான் அவரோடு வாதம் செய்யப் போவதில்லை. பகலில் தனியாக ஓட்ட அவருக்குப் பயம்.

சிறிய வீட்டில் இதை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

மூங்கில்கூடை
ஜூன் 8, இரவு 10:15

மனதில் பட்டதைச் சொல்கிறேன் அம்மா, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்நூறு சதுர அடியைப் பெருக்க எட்டு நிமிடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டு நிமிட வேலைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் இயந்திரம் எதற்கு? நீங்கள் எட்டு நிமிடம் முன்னதாக எழுந்து பெருக்கிவிட்டுப் போங்கள். அல்லது நீளக் கைப்பிடி வைத்த துடைப்பம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், நூற்றைம்பது ரூபாய்கூட ஆகாது. மதுரையில் எங்கள் வீட்டில் நானும் அதில்தான் பெருக்குகிறேன். எனக்கு 71 வயது.

அயனாவரம் மூன்றாம் மாடி
ஜூன் 8, இரவு 10:50

ஐயா, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன். நீளத் துடைப்பம் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. மூலைக்குப் போகவில்லை என்று அம்மா அதைத் தொடுவதில்லை. நான் ஒரு மாதம் ஐந்து மணிக்கு எழுந்து பெருக்கினேன். அவர் அதே இடத்தை மறுபடி பெருக்கினார். நான் பெருக்கினால் அவருக்குத் திருப்தி வருவதில்லை. வாங்கிய பிறகு நான் கவனித்த ஒரே நல்ல மாற்றம் இதுதான்: இயந்திரம் போன இடத்தில் அவர் மறுபடி துடைப்பம் போடுவதில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அதை இழக்க எனக்கு மனமில்லை.

பழுதுநீக்கி
ஜூன் 9, காலை 6:30

கோவையில் வீட்டுச் சாதனங்கள் பழுது பார்க்கிறேன். சென்ற மூன்று நான்கு ஆண்டுகளாக இவை நிறைய வருகின்றன. நீங்கள் சொன்னவற்றில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பீரோ. உங்களுடையதில் மேலே ஒரு சின்ன உருளை துருத்திக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குள் லேசர் நொடிக்கு ஐந்து சுற்று வீதம் சுழன்று, சுவர் எவ்வளவு தூரம் என்று அளந்துகொண்டே போகிறது. வீட்டின் வரைபடம் உருவாவது இப்படித்தான். 2002-இல் வந்த ரூம்பா என்ற ரோபோ வாக்குவத்தின் முதல் வகைக்கு இந்த வசதி கிடையாது. அது முட்டி மோதித் திரும்பித் திரும்பித்தான் வீட்டைப் பெருக்கியது. 2010-இல் நியாட்டோ நிறுவனம் லேசரைக் கொண்டுவந்தது, அதற்குப் பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். நமக்கு வேண்டிய விஷயம், அந்த உருளையால் உயரம் ஒன்பதரை சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. பீரோவின் கால் ஏறக்குறைய பத்து. முன்பக்கம் நுழைய இடமிருக்கும், உள்ளே தகடு சற்றுத் தாழ்ந்திருந்தால் உருளை சிக்கிக்கொள்ளும். அடிக்கடி சிக்கினால் அந்த உருளைதான் முதலில் உடையும், அதை மாற்றுவது செலவு. செயலியில் பீரோவைச் சுற்றி நுழையக் கூடாத பகுதி என்று ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். பீரோ அடியை மாதம் ஒருமுறை நீங்களே கம்பில் துணி சுற்றித் துடைத்துக்கொள்ளலாம்.

சார்ஜ் மேடைக்கு இருபுறமும் அரை மீட்டர், முன்னால் ஒன்றரை மீட்டர் காலியாக விட வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். சிறிய வீட்டில் அது நடக்காது. என் அனுபவத்தில் பக்கவாட்டில் ஒரு சாண் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடுகிறது. முன்பக்கம் மட்டும் மறைக்காமல் இருக்க வேண்டும். மேசைக்கு அடியில், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என்று யாரும் கால் வைக்காத மூலையாகப் பாருங்கள். ஒருமுறை வைத்த பிறகு நகர்த்தாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவைக் கையால் தூக்கி வேறு அறையில் விடாதீர்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாமல் போகும். ரோபோவியலில் இதற்குக் ‘கடத்தப்பட்ட ரோபோ சிக்கல்’ என்றே பெயர்.

என்னிடம் வருகிற பழுதுகளில் பாதி கருவியின் தவறே இல்லை. கோலப்பொடிதான் முதல் எதிரி. அந்தக் கல்மாவு மிக நுண்ணியது, வடிகட்டியை ஒரே நாளில் அடைத்துவிடும், மிச்சம் மோட்டாருக்குள் போகும். வாசல் கோலத்தையும் பூஜை இடத்தில் போடும் கோலத்தையும் கட்டம் போட்டு விலக்கிவிடுங்கள். விபூதி, ஊதுபத்திச் சாம்பல் எல்லாம் இதே கதைதான். அடுத்தது ஈரம். சமையலறையில் தண்ணீர் சிந்தியிருக்கும்போது உறிஞ்ச விட்டால் மோட்டார் போய்விடும். மூன்றாவது, நீளமான தலைமுடியும் பூச்சரத்தின் நாரும். உருளைத் தூரிகையின் இரண்டு முனைகளிலும், முன்னால் உள்ள சின்னச் சக்கரத்தின் அச்சிலும் இறுக்கிச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சக்கரம் கையால் இழுத்தாலே வந்துவிடும், பலருக்கு அது தெரிவதில்லை. ஞாயிறுதோறும் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

கூரை மின்விசிறியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். இல்லையென்றால் பக்கவாட்டுத் தூரிகை கிளப்பும் தூசியைக் காற்று மறுபடி மூலைக்குத் தள்ளும்.

இன்னும் ஒன்று. எத்தனை பாஸ்கல் உறிஞ்சும் திறன் என்று பார்த்து அடுத்த கருவிக்கு ஏங்க வேண்டாம். மொசைக், டைல்ஸ் தரைக்கு 2,500 பாஸ்கலே தாராளம். பெரிய எண்ணெல்லாம் கம்பளம் விரித்த வீடுகளுக்கு.

தேக்காவாசி
ஜூன் 9, மதியம் 1:05

சிங்கப்பூரில் தோ பாயோவில், வீவக என்கிற அரசு வீடமைப்புக் கழகத்தின் மூவறை வீட்டில் இருக்கிறோம், ஏறக்குறைய 65 சதுர மீட்டர். நாங்கள் ஐந்து பேர். அதனால் உங்கள் நெருக்கடி எனக்கு நன்றாகப் புரிகிறது.

என் மகனுக்கு ஆஸ்துமா. நாங்கள் வாங்கியது அதற்காகத்தான். முதல் மாதம் அவனுக்குக் குறையவே இல்லை, சில நாள் கூடியது. பிறகுதான் காரணம் தெரிந்தது. தூசிப் பெட்டியை வீட்டுக்குள்ளேயே குப்பைத் தொட்டியில் தட்டிக்கொண்டிருந்தோம். வடிகட்டி பிடித்துவைத்த நுண்தூசி முழுவதும் அந்த ஒரு நொடியில் காற்றில் கலந்துவிடுகிறது. இப்போது பெட்டியை ஒரு பைக்குள் இறக்கி, பையின் வாயைப் பிடித்துக்கொண்டு தட்டுகிறேன், அவன் பள்ளியில் இருக்கும் நேரத்தில். வடிகட்டியைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகே மாட்டுகிறேன். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும். இந்த இரண்டையும் மாற்றியதிலிருந்து அவன் காலையில் எழும்போது இருமுவது குறைந்திருக்கிறது. மெத்தையையும் தலையணையையும் ரோபோ தொடாது, அவற்றை வெந்நீரில் துவைப்பதை விடவில்லை.

உங்கள் அம்மாவின் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பயம் நியாயமானது. என் மாமனாருக்கு 74 வயது. கறுப்புக் கருவி, மங்கலான நடைவழி, தெரியாமல் அதன்மேல் காலை வைத்துவிட்டார். நல்லவேளை, சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே கருவியின் மேல்புறத்தில் மஞ்சள் நிறப் பளபளப்பு நாடாவை ஒட்டினேன். முன்பக்கக் கண்ணாடியை மறைக்காமல் ஒட்ட வேண்டும், அங்கேதான் உணர்விகள் (சென்சார்கள்) இருக்கின்றன. கூடவே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அது ஓடும்போது மாமனார் உட்கார்ந்துதான் இருப்பார். பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலிக்குப் போய்விடுவார், அது மேடைக்குத் திரும்பும்வரை எழுந்திருக்க மாட்டார். உங்கள் வீட்டு அளவுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

ஈர்க்குச்சி
ஜூன் 9, இரவு 8:20

இழையில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு யாராவது வருகிறார்களா? வந்தால், இந்தக் கருவி வந்த பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

என் அம்மா வியாசர்பாடியிலிருந்து நடந்துபோய் நான்கு வீடுகளில் பெருக்கித் துடைத்து, பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்க வைத்தார். ஒரு வீடு குறைந்தால் அந்த மாதம் எங்கள் வீட்டில் என்ன குறையும் என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் புதிதாக வாஷிங் மெஷின் வாங்கினார்கள். மறுமாதமே, ‘துணி துவைப்பதுதான் இல்லையே’ என்று சம்பளத்தில் பாதியைக் குறைத்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேலை போனால் கூலியும் போவது இயல்பு என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா வேறொரு வீடு பார்த்திருப்பார்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் அம்மாவின் முழங்காலைப் பற்றிப் படித்தபோது என் அம்மாவின் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. அவருக்கும் அதே தேய்மானம்.

அயனாவரம் மூன்றாம் மாடி
ஜூன் 9, இரவு 9:35

கேட்டதற்கு நன்றி. முதல் பதிவிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். ஓர் அக்கா பன்னிரண்டு வருடமாக வருகிறார். மதியம் வந்து பாத்திரம் தேய்ப்பார், வீட்டை ஈரத்துணியால் துடைப்பார். காலைப் பெருக்கல் எப்போதும் அம்மாவின் வேலைதான், அக்காவின் வேலையில்லை. ரோபோவில் துடைக்கும் வசதியும் இருக்கிறது. அதை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, தொட்டியின் வாயில் வெள்ளையாகப் படிகிறது. அது துடைப்பதும் ஈரத்தைத் தடவிவிட்டுப் போவதுபோல்தான் இருக்கிறது, எண்ணெய்க் கறை அப்படியே நிற்கிறது. அக்கா துடைப்பதன் பக்கத்தில் நிற்க முடியாது. அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கருவி வந்த அன்று அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனார். அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. நாளை மதியம் அம்மாவைப் பேசச் சொல்கிறேன்.

ஈர்க்குச்சி
ஜூன் 9, இரவு 9:58

பேசுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருப்பார். அவர் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2007-லிருந்து அந்த வாரியம் இருக்கிறது, பதியாதவர்கள் ஏராளம். படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

வெள்ளவத்தைக் காற்று
ஜூன் 10, காலை 11:10

கொழும்பில் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிறேன். கடற்கரைப் பக்கம். இங்கே மணல்தான் பெரிய துன்பம். காலையில் தும்புத்தடியால் கூட்டினால் மத்தியானம் மறுபடி காலில் நெறுநெறுக்கும். ரோபோ வந்த பிறகு தினமும் இரண்டு தடவை ஓட விடுகிறேன். தனி ஆளுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டில் வந்த வில்லங்கம் வேறு மாதிரி. பால்கனிக்குத் தரைவரை கண்ணாடிக் கதவு, அறையில் தரையைத் தொட்டு நிற்கிற நிலைக்கண்ணாடி. லேசர் கண்ணாடிக் கதவை ஊடுருவிப் போய்விடும், பால்கனியையும் அறை என்று வரைந்துவிட்டது. நிலைக்கண்ணாடியில் பட்டுத் திரும்பியதால், சுவருக்கு அந்தப் பக்கம் இல்லாத ஓர் அறையும் வரைபடத்தில் வந்தது. அந்த அறையைக் கூட்டுவதற்காகக் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டிலும் லேசர் உயரத்துக்கு ஒரு காகித நாடாவை ஒட்டினேன், தீர்ந்தது. அலுமாரிக் கதவில் இருக்கிற கண்ணாடி உயரத்தில் இருப்பதால் பாதிக்காது. உப்புக்காற்றுக்குச் சார்ஜ் ஏறும் தகடுகள் கறுத்துவிடுகின்றன. வாரம் ஒருக்கால் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் இரவு முழுக்க மேடையில் நின்றும் சார்ஜ் ஏறியிருக்காது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றை வலியுறுத்திச் சொல்வேன், முக்கியமாகப் பெண்களுக்கு. கமெரா வைத்ததை வாங்காதீர்கள், லேசர் மட்டும் உள்ளதே போதும். 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ரூம்பா ஜே7 வகையின் சோதனைக் கருவிகள் 2020-இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், அவற்றை வகைப்படுத்தும் ஒப்பந்தப் பணியாளர்கள் வழியாகச் சமூக ஊடகக் குழுக்களுக்குப் போயிருந்தன. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் ஒன்று. அவை கடையில் விற்ற கருவிகள் அல்ல, சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்களின் வீடுகளில் இருந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒப்புக்கொண்டவர்கள்கூட அந்தப் படம் அங்கே போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். சிறிய வீட்டில் ரோபோ போகாத இடமே கிடையாது. உடை மாற்றுகிற இடமும் அதுதான், படுக்கிற இடமும் அதுதான்.

பழுதுநீக்கி
ஜூன் 10, மதியம் 12:40

வெள்ளவத்தைச் சகோதரி சொன்னதை வழிமொழிகிறேன். அதோடு, கருவியின் மேல் உள்ள பொத்தானை அழுத்தினாலே முழு வீட்டையும் பெருக்கி முடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் முன்பு சொன்ன நியாட்டோ நிறுவனமே 2023-இல் மூடப்பட்டுவிட்டது. செயலியை மட்டும் நம்பி வாங்கினால் நிறுவனம் போகும் நாளில் கருவியும் போகும்.

மின்சாரச் செலவை யாரும் கேட்கவில்லை, ஆனால் கடையில் எல்லோரும் கேட்பார்கள். பேட்டரி பொதுவாக 14.4 வோல்ட், 5,200 மில்லி ஆம்பியர் மணி வரை இருக்கும். இரண்டு எண்ணையும் பெருக்கினால் ஏறக்குறைய 75 வாட் மணி. ஒரு யூனிட்டில் பத்து முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்தால் இது ஒரு பொருட்டே இல்லை.

மூங்கில்கூடை
ஜூன் 11, காலை 5:50

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் நான் எழுதியதில் அவசரம் இருந்தது. எட்டு நிமிடம் என்று கணக்குப் போட்டுவிட்டேன், முழங்காலை மறந்துவிட்டேன்.

நான் தச்சு வேலை செய்தவன். நாற்பது வருடம் பீரோ, அலமாரி, கட்டில் எல்லாம் செய்திருக்கிறேன். உங்கள் பதினேழைக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன். அந்தச் சாமான்களைத் தினமும் எடுத்து வைக்க வேண்டாம். ஒருமுறை தூக்கி, தூக்கிய இடத்திலேயே நிரந்தரமாக வையுங்கள். உங்கள் கருவி ஒன்பதரை சென்டிமீட்டர் என்றார் கோவைத் தம்பி. நான்கடி நீளம், ஒன்றேகால் அடி அகலத்தில் இரும்பு ஆங்கிள் சட்டத்தில் ஒரு நிலைமேடை செய்யச் சொல்லுங்கள். கால் 14 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் பின்னால் சிக்கும், கூடினால் தண்ணீர் கேன் தூக்கி வைக்கச் சிரமம். மேலே முக்கால் அங்குல பிளைவுட். தண்ணீர் கேன், அரிசி டிரம், வெங்காயக் கூடை, பேப்பர் கட்டு எல்லாம் அதன்மேல் ஏறிவிடும். ரோபோ அடியில் போய்ப் பெருக்கும். கால்களுக்கு நடுவே குறைந்தது ஒன்றரை அடி விடச் சொல்லுங்கள், குறுக்குச் சட்டம் கீழே வேண்டாம், மேலேயே இருக்கட்டும். கீழே குறுக்குக் கம்பி இருந்தால் அதில் ஏறி நின்றுகொள்ளும் என்று நினைக்கிறேன்.

செருப்புக்குச் சுவரில் தட்டு, இடுப்பு உயரத்தில். அரிவாள்மணைக்குச் சமையல் மேடையில் இடம். உங்கள் அம்மா தரையில் உட்காரக் கூடாது என்றால் அரிவாள்மணையே வேண்டாம், கத்தியும் பலகையும் பழகச் சொல்லுங்கள். கோரைப்பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் இரண்டு கொக்கியில் மாட்டலாம்.

பழுதுநீக்கி
ஜூன் 11, காலை 7:15

ஐயா சொன்ன குறுக்குக் கம்பி விஷயம் சரியே. நின்றுகொண்டு சுழலும் மின்விசிறியின் வட்ட அடிப்பாகம், நாற்காலியின் வளைந்த கீழ்க்குழாய் இவற்றில் ஏறிச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். நான் இத்தனை கருவிகளைப் பிரித்திருக்கிறேன், சாமான்களை நிரந்தரமாகத் தூக்கி வைக்கும் யோசனை எனக்குத் தோன்றவில்லை.

மிதியடியில் குஞ்சம் இருந்தால் மாற்றிவிடுங்கள். கறுப்பு மிதியடியும் வேண்டாம். கருவியின் அடியில் உள்ள உணர்விகள் அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கறுப்பு அதை விழுங்கிவிடும். கருவி அதைப் பள்ளம் என்று எண்ணி நின்றுவிடும்.

அயனாவரம் மூன்றாம் மாடி
ஜூலை 21, இரவு 8:45

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். இழையை உயிரோடு வைத்திருந்த எல்லோருக்கும் நன்றி.

ஓட்டேரியில் ஒரு வெல்டிங் பட்டறையில் மூங்கில்கூடை ஐயா சொன்ன அளவிலேயே மேடை செய்தோம். பிளைவுட்டும் சேர்த்து 2,600 ரூபாய் ஆனது. காலுக்கு 14 சென்டிமீட்டர் என்று நான் எழுதிக் கொடுத்ததைப் பட்டறைக்காரர் ஐந்து அங்குலம் என்று செய்துவிட்டார், அது 12.7. அதுவே போதுமாக இருக்கிறது. தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பது மட்டும் என் வேலை, அம்மாவைத் தொட விடுவதில்லை. கேனுக்குக் கையால் அழுத்தும் பம்பு போட்டிருக்கிறேன், சாய்க்கவும் வேண்டாம்.

சார்ஜ் மேடை இப்போது தையல் இயந்திரத்துக்கு இடப்பக்கம், ஒரு சாண் இடைவெளியில். வீட்டிலேயே யாரும் கால் வைக்காத மூலை அதுதான் என்று ஆறு வாரமாக எனக்குத் தோன்றவில்லை. மிதியடிகளில் மூன்றை எடுத்துவிட்டோம், குளியலறை வாசலில் கனமான சாம்பல் நிற ரப்பர் ஒன்று மட்டும். பீரோவைச் சுற்றிக் கட்டம் போட்டாயிற்று. பூஜை அலமாரிக்கு முன்னால் இரண்டடியும் கட்டத்துக்குள். அங்கே அம்மா முக்காலியில் உட்கார்ந்து சின்னத் துடைப்பத்தால் தானே பெருக்குகிறார். அதை இயந்திரத்துக்கு விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை, நானும் கேட்கவில்லை.

நேரம் காலை பத்தரை. அம்மா சாப்பிட்டுவிட்டு, மின்விசிறியை அணைத்து, பொத்தானை அழுத்திவிட்டுக் கட்டிலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வானொலி கேட்கிறார். தேக்காவாசி சொன்ன மஞ்சள் நாடா ஒட்டியாயிற்று. பொத்தானை அழுத்தக் குனிய வேண்டியிருந்ததே என்று முதல் வாரம் கவலைப்பட்டேன். ஊன்றுகோலின் ரப்பர் முனையால் அழுத்த அவரே கண்டுபிடித்துவிட்டார்.

போன ஞாயிறு மறுபடி எண்ணினேன். இரண்டு முறை. ஒன்று, கீழே விழுந்த செய்தித்தாள். மற்றது சார்ஜர் ஒயர், அது என் தவறு.

முழங்கால் வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தேய்மானம் தேய்மானம்தான். ஆனால் மாலையில் நான் வரும்போது அவர் நின்றுகொண்டு காபி கலக்கிறார். முன்பெல்லாம் நான் வந்துதான் கலக்க வேண்டும்.

அக்காவிடம் மறுநாளே அம்மா பேசினார். ‘உன் வேலை உன் வேலைதான், இது என் முழங்காலுக்கு’ என்று சொன்னாராம். அக்கா அன்றைக்குத்தான் வாய் திறந்து கேட்டாராம், இத்தனை நாளாகக் கேட்கவே பயமாக இருந்தது என்று. வாரியத்தில் அவர் பதிந்திருக்கவில்லை. படிவம் நான் நிரப்பிக் கொடுத்தேன், இன்னும் அட்டை வரவில்லை.

ஈர்க்குச்சி
ஜூலை 21, இரவு 9:02

என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊன்றுகோலால் அழுத்துவதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

மூங்கில்கூடை
ஜூலை 22, காலை 5:40

ஐந்து அங்குலமே போதும். பிளைவுட்டின் வெட்டிய விளிம்புகளில் வார்னிஷ் அடித்துவிடுங்கள், கேன் தண்ணீர் சொட்டினால் உப்பிவிடும்.

தேக்காவாசி
ஜூலை 22, காலை 9:30

மிகவும் சந்தோஷம். நவராத்திரிக்குக் கொலு வைப்பீர்களா? நாங்கள் சென்ற ஆண்டு ஐந்து படி வைத்தோம். ரோபோ கூடத்தையே புது வீடு என்று நினைத்து வரைபடத்தை மாற்றிவிட்டது. முன்கூட்டியே வரைபடத்தைச் செயலியில் சேமித்து வையுங்கள்.

அயனாவரம் மூன்றாம் மாடி
ஜூலை 22, இரவு 9:10

ஏழு படி வைப்போம். கூடத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், வருகிறவர்கள் எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள், சுண்டல் சிந்தும், குழந்தைகள் ஓடும். அதனால் வரைபடத்தைச் சேமித்துவிட்டு, முழுச் சார்ஜ் ஏற்றி, ஒன்பது நாளும் கருவியை அணைத்து வைக்கப் போகிறோம். காலையில் அக்கா வந்து பெருக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒன்பது நாளுக்குத் தனிச் சம்பளம் என்று அம்மா இப்போதே பேசி முடித்துவிட்டார்.